ப்ராக்ஸி சர்வர்: நமக்காக இணையத்துக்குப் போய் வருபவர்

பணியிடைப் பயிற்சிக்காக ஒரு கல்லூரி வளாகத்துக்குப் போகிறோம். மடிக்கணினியில் வைஃபை குறியீடு முழுதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. அங்கே பொறுப்பில் இருப்பவர் வந்து, "இங்கே ப்ராக்ஸி போடணும் சார்" என்று சொல்லி, ஏதோ சில எண்களை உள்ளிட்டுவிட்டுப் போகிறார். இணையம் வந்துவிடுகிறது. மறுநாள் காலை நம் பள்ளியில் அதே மடிக்கணினியைத் திறந்தால் எமிஸ் தளம் வரவில்லை, மின்னஞ்சலும் வரவில்லை. ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டும் பயனில்லை. பக்கத்தில் இருக்கும் ஆசிரியரின் கைபேசியில் மட்டும் அதே வைஃபை நன்றாக வேலை செய்கிறது.

இதில் பழுது ஏதும் இல்லை. நேற்று போட்ட ப்ராக்ஸி அமைப்பை யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். இதை எடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் ப்ராக்ஸி என்றால் என்ன, அதை எப்போது போடலாம், எப்போது போடவே கூடாது என்பதை ஆசிரியர்களாகிய நாம் தெரிந்துகொள்வது அவசியம். நம் கணினி வழியாக நாள்தோறும் போய் வருவது நம் சொந்த விவரங்கள் மட்டுமல்ல, நூற்றுக்கணக்கான குழந்தைகளின் விவரங்களும்தான்.

துறைமுகத்தில் ஒரு பாடம்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிப் பள்ளிகளில் பணியாற்றும் எங்களுக்கு இதை விளக்க நல்ல உதாரணம் ஒன்று கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. எங்கள் மாணவர்கள் பலரின் வீட்டில் யாராவது ஒருவர் துறைமுகத்தையோ கன்டெய்னர் லாரியையோ நம்பிப் பிழைக்கிறார்.

வெளிநாட்டிலிருந்து ஓர் இயந்திரத்தை வரவழைக்கும் சிறுதொழில் முதலாளி, பெரும்பாலும் தானே துறைமுக வாசலில் போய் நிற்பதில்லை. அவருக்காகச் சுங்க முகவர் போகிறார். 'கிளியரிங் ஏஜென்ட்' என்றால் எல்லோருக்கும் புரியும். முகவர்தான் 'பில் ஆஃப் என்ட்ரி' தாக்கல் செய்கிறார், வரி கட்டுகிறார், சரக்கை எடுத்து முதலாளியிடம் சேர்க்கிறார். அந்தப் பக்கம் இருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசுவது முகவரிடம்தான்.

ப்ராக்ஸி சர்வர் செய்வதும் இதே வேலைதான். தமிழில் பதிலாள் சேவையகம் என்று சொல்லலாம். நம் கணினி ஓர் இணையப் பக்கத்தைக் கேட்கும்போது, அந்தக் கோரிக்கை நேராக அந்தத் தளத்துக்குப் போகாமல் முதலில் ப்ராக்ஸியிடம் போகிறது. ப்ராக்ஸி தன் பெயரில் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி நம்மிடம் தருகிறது. தளத்துக்குத் தெரிவது ப்ராக்ஸியின் ஐபி முகவரி, நம் கணினியின் முகவரி அல்ல.

இந்த ஏற்பாடு இணையத்தளங்கள் தோன்றிய காலத்திலேயே வந்துவிட்டது. உலகளாவிய வலை பிறந்த செர்ன் ஆய்வகத்தின் சர்வர் மென்பொருளில் 1994-லேயே ப்ராக்ஸி வசதி இருந்தது. இன்றும் பரவலாகப் பயன்படும் 'ஸ்க்விட்' என்ற கட்டற்ற ப்ராக்ஸி மென்பொருள் 1996-இல் வெளிவந்தது. சென்னை ஐஐடி வளாகத்தில் பல ஆண்டுகள் மாணவர்கள் ப்ராக்ஸி வழியாகத்தான் இணையத்தைப் பயன்படுத்தினார்கள்.

எதற்காக நடுவில் ஓர் ஆள்?

முதல் காரணம் சிக்கனம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆய்வகத்தில் 20 கணினிகள் இருக்கின்றன. இணைய வேகம் நொடிக்கு 10 மெகாபிட். எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் 5 மெகாபைட் அளவுள்ள ஒரே கோப்பைத் திறக்கிறார்கள். 5 மெகாபைட் என்பது 40 மெகாபிட். 20 பேருக்கும் தனித்தனியாக வர வேண்டுமானால் 800 மெகாபிட், அதாவது 80 நொடிகள். நடுவில் உள்ள ப்ராக்ஸி அந்தக் கோப்பை ஒரு முறை வாங்கிச் சேமித்து வைத்துக்கொண்டால் வெளியிலிருந்து வர 4 நொடிகள் போதும். பிறகு ஆய்வகத்துக்குள் இருக்கும் நொடிக்கு 100 மெகாபிட் வலையமைப்பில் 20 கணினிகளுக்கும் பகிர்ந்து கொடுக்க 8 நொடிகள். மொத்தம் 12 நொடிகளில் வேலை முடிந்தது.

இந்தப் பலன் இன்று முன்பைவிடக் குறைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது பெரும்பாலான தளங்கள் 'எச்டிடிபிஎஸ்' என்ற மறையாக்க முறையில் இயங்குகின்றன. அவற்றின் உள்ளடக்கத்தை ப்ராக்ஸியால் படிக்க முடியாது. படிக்க முடியாததைச் சேமித்து அடுத்தவருக்குக் கொடுக்கவும் முடியாது.

இரண்டாவது காரணம் வடிகட்டுதல். சூதாட்டத் தளங்கள், ஆபாசத் தளங்கள் ஆகியவற்றின் பெயர்ப் பட்டியலை ப்ராக்ஸியில் வைத்துவிட்டால், வளாகத்தில் உள்ள எந்தக் கணினியிலும் அவை திறக்காது.

மூன்றாவது காரணம் கணக்குப் பதிவு. எந்தக் கணினி, எத்தனை மணிக்கு, எந்தத் தளத்துக்குப் போனது என்பதை ப்ராக்ஸி குறித்து வைக்கும். நிர்வாகத்துக்கு இது பயன்படும். நாம் எங்கே போகிறோம் என்பதை ப்ராக்ஸியை நடத்துபவர் பார்க்கிறார் என்பதும் இதற்குள் அடக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேட்டு வாங்க வேண்டிய நான்கு விவரங்கள்

ப்ராக்ஸி அமைப்பதற்கு முன் அந்த வளாகத்தின் வலையமைப்புப் பொறுப்பாளரிடம் இந்த நான்கையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. ப்ராக்ஸியின் முகவரி. இது 192.168.1.10 போன்ற எண்ணாகவோ ஒரு பெயராகவோ இருக்கலாம். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண் அந்த வளாகத்துக்குள் மட்டும் செல்லும் முகவரி.

2. போர்ட் எண். முகவரி ஒரு கட்டடம் என்றால் போர்ட் அதில் உள்ள கவுன்டர் எண். ஸ்க்விட் வழக்கமாக 3128-இல் இயங்கும். 8080 என்ற எண்ணும் பல இடங்களில் உண்டு.

3. பயனர் பெயர், கடவுச்சொல் தேவையா என்பது.

4. எந்தத் தளங்களுக்கு ப்ராக்ஸி வேண்டாம் என்பது. வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சர்வர்களுக்கு நேராகப் போவதுதான் முறை.

சில இடங்களில் இவற்றுக்குப் பதிலாக ஒரே ஒரு இணைய முகவரியைக் கொடுப்பார்கள். எந்தத் தளத்துக்கு எந்த வழி என்று எழுதப்பட்ட சிறு கோப்பு அந்த முகவரியில் இருக்கும். 'பேக் கோப்பு' என்று அதைச் சொல்வார்கள்.

விண்டோஸ் கணினியில் அமைக்கும் முறை

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'செட்டிங்ஸ்' திறக்கவும்.

படி 2: 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதிக்குப் போய் 'ப்ராக்ஸி' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

படி 3: அங்கே மூன்று வழிகள் தெரியும். முதலாவது, அமைப்பைத் தானாகக் கண்டறியும் வழி. இது வழக்கமாக இயங்கும் நிலையிலேயே இருக்கும், அப்படியே விடலாம். இரண்டாவது, 'செட்டப் ஸ்கிரிப்ட்'. பேக் கோப்பின் முகவரி கொடுத்திருந்தால் இங்கே உள்ளிட வேண்டும். மூன்றாவது, 'மேனுவல் ப்ராக்ஸி செட்டப்'. முகவரியும் போர்ட்டும் கொடுத்திருந்தால் இதுதான் நமக்கு உரியது.

படி 4: 'யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்' என்பதை ஆன் செய்யவும். விண்டோஸ் 11-இல் அதன் அருகே உள்ள 'செட் அப்' பட்டனை அழுத்தினால் பெட்டி திறக்கும்.

படி 5: முகவரிக் கட்டத்தில் முகவரியையும் போர்ட் கட்டத்தில் எண்ணையும் உள்ளிடவும். முன்னும் பின்னும் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: விதிவிலக்குக் கட்டத்தில் ப்ராக்ஸி வேண்டாத முகவரிகளை எழுதவும். ஒன்றுக்கு மேல் இருந்தால் நடுவில் அரைப்புள்ளி இட வேண்டும், காற்புள்ளி இடக்கூடாது. உள்வலையமைப்பு முகவரிகளுக்கு ப்ராக்ஸி வேண்டாம் என்ற கட்டம் கீழே இருக்கும். அதையும் டிக் செய்யவும்.

படி 7: 'சேவ்' அழுத்தவும். பிரவுசரை மூடித் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போய்ப் பார்க்கவும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் உள்ளிடவும்.

குரோம், எட்ஜ் இரண்டும் விண்டோஸில் நாம் செய்த அமைப்பையே எடுத்துக்கொள்ளும். ஃபயர்பாக்ஸில் மட்டும் தனி அமைப்பும் உண்டு. அதன் செட்டிங்ஸில் 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'நெட்வொர்க் செட்டிங்ஸ்' இருக்கும். 'யூஸ் சிஸ்டம் ப்ராக்ஸி செட்டிங்ஸ்' என்று இருந்தால் விண்டோஸ் அமைப்பைப் பின்பற்றும். உபுண்டு லினக்ஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ப்ராக்ஸி, 'மேனுவல்' என்ற வரிசை.

வளாகத்தை விட்டுக் கிளம்பும்போது அதே பக்கத்துக்குப் போய் 'ஆஃப்' செய்துவிடுங்கள். முகவரியை அழிக்க வேண்டியதில்லை, அடுத்த முறை வரும்போது ஆன் செய்தால் போதும்.

இணையம் வரவில்லையா?

ப்ராக்ஸி சர்வரில் ஏதோ சிக்கல் என்று பிரவுசர் சொன்னால், நாம் எழுதிய முகவரியில் யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். முகவரி, போர்ட் எண் இரண்டையும் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் ப்ராக்ஸியை ஆஃப் செய்யுங்கள்.

407 என்ற எண்ணோடு செய்தி வந்தால் ப்ராக்ஸி உங்களை அடையாளம் கேட்கிறது. பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறாக இருக்கலாம்.

பிரவுசரில் தளங்கள் திறக்கின்றன, ஆனால் வேறொரு மென்பொருளில் மட்டும் இணையம் இல்லை என்றால், அந்த மென்பொருள் விண்டோஸ் அமைப்பைப் பின்பற்றவில்லை. அதன் உள்ளேயே ப்ராக்ஸி அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். 'பிங்' கட்டளைக்குப் பதில் வராததைப் பார்த்து இணையமே இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். நாம் அமைத்தது இணையப் பக்கங்களுக்கான ப்ராக்ஸி, பிங் அதன் வழியாகப் போகாது.

எல்லாத் தளங்களும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். அதைச் சரிசெய்தாலே எச்சரிக்கை மறைந்துவிடலாம். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். காரணத்தை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

நீங்கள் எதுவும் செய்யாமலே ப்ராக்ஸி ஆன் ஆகி, முகவரிக் கட்டத்தில் 127.0.0.1 என்று இருக்கிறதா? அது உங்கள் கணினியையே குறிக்கும் முகவரி. சில வடிகட்டும் மென்பொருள்கள் இப்படிச் செய்வதுண்டு. தீங்கு செய்யும் மென்பொருள்களும் செய்வதுண்டு. ஆஃப் செய்த பிறகும் மீண்டும் ஆன் ஆனால் வைரஸ் சோதனை செய்யாமல் அந்தக் கணினியில் எமிஸ் பக்கம் போகாதீர்கள்.

சீல் வைத்த கன்டெய்னர்

மறுபடியும் துறைமுகத்துக்கு வருவோம். முகவர் கையில் கன்டெய்னர் இருக்கிறது. ஆனால் அதன் கதவில் சீல் வைக்கப்பட்டிருக்கிறது. எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும். உள்ளே இருப்பதை அவரால் பார்க்க முடியாது.

எச்டிடிபிஎஸ் என்பது அந்த சீல். ப்ராக்ஸி வழியாக ஒரு வங்கித் தளத்துக்குப் போனால், நீங்கள் அந்த வங்கிக்குப் போனது ப்ராக்ஸிக்குத் தெரியும். உங்கள் கடவுச்சொல் தெரியாது. சீல் இல்லாத பழைய 'எச்டிடிபி' தளம் என்றால் நீங்கள் தட்டச்சு செய்வது அனைத்தையும் ப்ராக்ஸியால் படிக்க முடியும், வரும் பக்கத்தை மாற்றவும் முடியும்.

ஆனால் சீலை உடைக்க ஒரு வழி இருக்கிறது. "இந்தச் சான்றிதழை உங்கள் கணினியில் நிறுவுங்கள்" என்று ப்ராக்ஸி நடத்துபவர் சொல்கிறார், நாமும் நிறுவிவிடுகிறோம். அது, சீலை உடைத்துப் பார்த்துவிட்டுத் தன் சீலை வைத்து அனுப்ப முகவருக்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். பாதுகாப்பு எச்சரிக்கை வரும்போது 'பரவாயில்லை' என்று தாண்டிப் போவதும் ஏறக்குறைய அதே செயல்தான்.

இந்த இடத்தில்தான் இலவச ப்ராக்ஸிகளின் ஆபத்து வருகிறது. ஒரு தளம் திறக்கவில்லை என்றாலோ எமிஸ் மெதுவாக இருக்கிறது என்றாலோ, இணையத்தில் தேடி ஒரு இலவச ப்ராக்ஸி முகவரியை எடுத்துப் போடும் பழக்கம் நம்மிடையே சிலருக்கு உண்டு. மாணவர்கள் இதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். சுங்க முகவருக்கு 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. இணையத்தில் கிடைக்கும் இலவச ப்ராக்ஸியை நடத்துபவருக்கு உரிமமும் இல்லை, முகவரியும் இல்லை, பெயரும் இல்லை. துறைமுக வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "ஆவணத்தையெல்லாம் கொடு, சரக்கை நான் சும்மாவே எடுத்துத் தருகிறேன்" என்றால் கொடுப்போமா?

எமிஸில் நாம் உள்ளிடும் விவரங்களை ஒரு முறை நினைத்துப் பார்ப்போம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைபேசி எண், முகவரி, சமூகம், ஆதார், வங்கிக் கணக்கு. மீன்பிடித் தொழிலுக்குப் போகும் பெற்றோரும் ஒப்பந்தத் தொழிலாளரும் எதையும் கேட்காமல் இவற்றை நம்மிடம் கொடுத்தது, கேட்டவர் டீச்சர் என்ற ஒரே காரணத்தால்தான். உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெயர் சொல்லி அழைத்துக் கடவுஎண் கேட்கும் மோசடிக்காரர்களுக்குத் தேவைப்படுவதும் இதே விவரங்கள்தான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்று வரையறுத்து, அவர்களின் தரவுக்குத் தனிப் பாதுகாப்பு வழங்குகிறது.

ஆகவே நான்கு விதிகளை நமக்கு நாமே வைத்துக்கொள்ளலாம்.

நடத்துபவர் யார் என்று தெரியாத ப்ராக்ஸியைப் போடக்கூடாது.

தேவையில்லாத இடத்தில் ப்ராக்ஸி ஆன் நிலையில் இருக்கக்கூடாது.

வலையமைப்புப் பொறுப்பாளர் எழுத்து வடிவில் சொல்லாமல் எந்தச் சான்றிதழையும் நிறுவக்கூடாது.

மாணவர் விவரங்களை உள்ளிடும் கணினியில் இலவச ப்ராக்ஸி, விபிஎன் நீட்டிப்புகள் எதுவும் இருக்கக்கூடாது.

பள்ளியிலேயே ஒன்று அமைக்கலாமா?

முடியும். லினக்ஸ் நிறுவிய ஒரு பழைய கணினியில் ஸ்க்விட்டை இலவசமாக நிறுவலாம். உள்வலையமைப்பில் உள்ள கணினிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, வெளியிலிருந்து யாரும் அதைப் பயன்படுத்த முடியாதபடி அடைத்து வைப்பது முதல் கடமை. திறந்து கிடக்கும் ப்ராக்ஸியை முகம் தெரியாதவர்கள் குற்றச் செயல்களுக்குப் பயன்படுத்துவார்கள். அப்போது வெளியில் தெரிவது நம் பள்ளியின் ஐபி முகவரி. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் தலைமையாசிரியரின் அனுமதியும் துறையின் தொழில்நுட்பப் பொறுப்பாளரின் ஒப்புதலும் இல்லாமல் எதையும் மாற்ற வேண்டாம். மாணவர்கள் போகும் தளங்கள் பதிவாகின்றன என்றால் அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நியாயம்.

இணையம் மெதுவாக இருப்பதுதான் சிக்கல் என்றால் ப்ராக்ஸியைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு முறை பதிவிறக்கி ஆய்வகக் கணினியில் வைத்துக்கொண்டால் இணையமே இல்லாமல் படிக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரமும் இணையமும் இல்லாமல் நாள் கணக்கில் இருந்த பகுதிகளில் எங்கள் வடசென்னையும் ஒன்று. மின்சாரம் திரும்பி இணையம் திரும்பாத நாளில், கணினிக்குள்ளேயே இருக்கும் பாடம்தான் கைகொடுக்கும்.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பாடத்தில் வலையமைப்பு வருகிறது. ஆனால் இந்தச் செயல்பாட்டை ஐந்தாம் வகுப்பிலேயே செய்யலாம். கணினி தேவையில்லை.

வராந்தாவின் ஒரு முனையில் நான்கு புத்தகங்களோடு ஒரு மாணவரை உட்கார வையுங்கள். அவர்தான் 'இணையத்தளம்'. மறுமுனையில் பத்து மாணவர்கள். நடுவில் ஒரு குறிப்பேட்டோடு ஒரு மாணவர் நிற்கிறார். அவர் 'முகவர்'. பத்துப் பேரும் கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதி முகவரிடம் கொடுக்க வேண்டும். "கொசஸ்தலை ஆறு எங்கே கடலில் கலக்கிறது?" என்று ஒருவர் கேட்டால், முகவர் ஓடிப்போய்க் கேட்டு வந்து 'எண்ணூர்' என்று பதில் சொல்லி, அதைக் குறிப்பேட்டிலும் எழுதிக்கொள்கிறார். அதே கேள்வியை அடுத்தவர் கேட்டால் ஓட வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஆகும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சுற்றில் முகவரிடம் ஒரு தடைப்பட்டியலைக் கொடுங்கள். மூன்றாவது சுற்றில் கேள்வியை ஒட்டிய உறையில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். முகவரால் உறையின் மேலே எழுதியிருப்பதை மட்டுமே படிக்க முடியும், குறிப்பேடும் பயன்படாது. கடைசிச் சுற்றில் முகவரை மாற்றி, வகுப்புக்குச் சம்பந்தமில்லாத வேறொருவரை நிறுத்தி, "உங்கள் வீட்டுக் கைபேசி எண்ணை எழுதி உறையில் போடாமல் இவரிடம் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். கொடுக்கத் தயங்கும் பிள்ளைகளிடம் ஏன் தயங்கினீர்கள் என்று கேளுங்கள். கொடுத்துவிட்ட பிள்ளைகளின் தாளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். அந்த உரையாடலுக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

அதற்கு முன் இன்றைக்கே செய்ய ஒரு சிறு வேலை இருக்கிறது. உங்கள் பள்ளிக் கணினியிலும் சொந்த மடிக்கணினியிலும் ப்ராக்ஸி பக்கத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத முகவரி ஏதாவது இருந்தால், யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று கேட்டு, பதில் கிடைக்காவிட்டால் ஆஃப் செய்துவிடுங்கள்.